பேரவையின் பதினைந்து நிமிடம்

கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்த பெண்கள், அந்த நான்கு பேர் படியேறி வந்ததும் செம்பை இறக்கிக்கொண்டார்கள். அது சிறப்பு விருந்தினருக்கென்று வைத்த பன்னீர்.

மூன்று ஆண்கள், ஒரு பெண். சட்டையெல்லாம் கரும்புச் சோகைத் தூசி. அந்தப் பெண்ணின் தலைமுடியில் சோகைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் வந்தவர் கும்பிட்டார். "கல்வராயன் டீமுங்க. பஸ்ஸு கச்சிராயபாளையத்துல பஞ்சர் ஆயிப்போச்சு. கரும்பு டிராக்டர்ல ஏறிக்கினு வந்தோம்."

அவர் பெயர் கோவிந்தன். அணித்தலைவர். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு இறக்கும் வேனை ஓட்டுகிறவர்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது இருபது காட்டியது. சதுரங்கப் போட்டி ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற, போட்டி நடத்தும் பேரவையின் செயலாளர் குணசேகரன் என் காதருகே குனிந்தார். அத்தர் வாசனை குப்பென்று அடித்தது.

"மேடம், டைமப் பாத்துக்கினீங்களா? பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல அஞ்சு நிமிஷம் ஜாஸ்தி. மலை டீமுக்கு ஜீரோ போட்டுடுங்க. நாலு போர்டுக்கும்."

விதி என்னவோ உண்மைதான். ஆட்டம் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் பலகை முன்னால் வராதவர் ஆடாமலே தோற்றவர். ஆனால் ஆட்டம்தான் தொடங்கவே இல்லையே! தொடங்கிவைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் அப்போதுதான் குளிக்கப் போயிருக்கிறார் என்று தகவல் வந்திருந்தது. மண்டபத்தில் ஒருவரும் பலகை முன்னால் இல்லை. எல்லோரும் பொங்கல் வரிசையில் நின்றார்கள்.

முதல் சுற்றில் மலை அணிக்கு எதிராக ஆட வேண்டியது பேரவை 'ஏ' அணி. அதன் முதல் போர்டு ஆட்டக்காரர் யார் என்றால், சாட்சாத் குணசேகரன்.

காய் முப்பத்திரண்டு, ஆள் முப்பத்து நான்கு

இந்தத் தொடரில் கோர்ட்டு டைப்பிங் அறையைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். வாரத்தில் ஆறு நாள் பிறர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்த கை, ஏழாவது நாள் என்ன செய்தது என்பதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சதுரங்க நடுவர்.

செஸ் எனக்குக் கல்லூரி விடுதியில் ஒட்டிக்கொண்டது. அறைத்தோழியோடு பரீட்சை நாளில்கூட ஆடினேன். கல்லூரி அணியில் இடம் கிடைத்தது. பிறகு கல்யாணம், வேலை, கள்ளக்குறிச்சி. ஆடுவதற்கு ஆள் தேடிப் போனபோது, "லேடீஸ் வந்தா நமக்குப் பெருமை மேடம், நடுவர் பரீட்சை எழுதுங்களேன்" என்றார்கள். எழுதினேன், தேறினேன். ஆடத் தெரிந்த பெண்ணை நடுவராக்கிவிட்டால் அவளை ஆடவிட வேண்டியதில்லை என்பது எனக்கு விளங்கப் பல வருஷம் பிடித்தது.

மாவட்டம் தனியாகப் பிரிந்ததும் ஊரில் ஆபீஸ்கள் முளைத்தன, பேனர்கள் முளைத்தன, தலைவர்கள் முளைத்தார்கள். அப்படி முளைத்த ஒன்றுதான் நான் சொல்லும் சதுரங்கப் பேரவை. அதன் முழுப் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். மாற்றாமல் எழுதினால் அதையும் ஒரு விளம்பரமாக எடுத்து பிரேம் போட்டு மாட்டிக்கொள்வார்கள்.

சதுரங்கப் பலகையில் காய்கள் முப்பத்திரண்டு. பேரவையின் லெட்டர்பேடில் நிர்வாகிகள் முப்பத்து நான்கு பேர். இவர்களில் குதிரை எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும். தலைவர் மனை விற்பவர். ஒரு கூட்டத்தில், "நம்ம மாவட்டத்துப் பசங்க இந்தக் கேம்ல கோல் மேல கோல் போடணும்" என்று பேசினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பேரவையில் குணசேகரன் ஒருவர்தான் நிஜமாகவே ஆடத் தெரிந்தவர். அதனால்தான் அவர்மேல் எனக்குக் கோபம் அதிகம். டைல்ஸ் கடை வைத்திருந்தார். சின்ன வயதில் சென்னைப் போட்டிகளுக்கெல்லாம் போய் ஆடியவர். ஆட்டத்தின் அருமை தெரிந்தும் அதைச் சால்வை மாட்டும் ஆணியாக்கியவர்.

சேவியர் கேட்ட கேள்வி

அந்தக் காலை ஒன்பது இருபதுக்கு நான் ஏன் உடனே பதில் சொல்லாமல் நின்றேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்த அத்தியாயமே பொய்யாகிவிடும்.

மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் சேவியர் என்று ஒருவர் இருந்தார். கரும்பு எடை போடும் மேடையில் வேலை. டிராக்டர் வரிசை நகராத நேரங்களில் எடைச் சீட்டின் பின்பக்கம் கட்டம் போட்டு ஆட்டங்களை யோசிப்பார். எங்கள் சபைக்காரர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராகப் போட்டிக்கு வந்துவிடுவார். ஆடும்போது அவர் கை காயைத் தொடுவது மாம்பூவைத் தொடுவதுபோல இருக்கும்.

அந்த வருஷத் தனிநபர் தேர்வுப் போட்டியில் சேவியர் முதலிடம். மண்டலப் போட்டிக்கு அவர்தான் போக வேண்டும். மூன்றாவதாக வந்தது குணசேகரனின் மச்சான்.

"சேவியருக்கு மில் சீசனு மேடம். லீவு கெடைக்காது. அவரு வரலைன்னுட்டாரு" என்றார் குணசேகரன்.

"ரெண்டாவது வந்தவரு?"

"அவருக்கும் முடியலையாம்."

சேவியர் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முதல் நாள் சாயங்காலம்தான் புதுப் பை வாங்கியிருப்பதாகச் சொன்னார். தெரிந்தும் மச்சான் பெயரைப் போட்டுப் பட்டியலை அடித்தேன், கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. மறுத்தால் அடுத்த ஞாயிறு கூப்பிட மாட்டார்களோ என்ற பயம்தான். அவ்வளவு அற்பமான காரணம்.

சேவியர் கோர்ட்டுக்கே வந்துவிட்டார். டைப்பிங் அறை வாசலில் நின்று கேட்டார்.

"நான் வரலைன்னு யாரு மேடம் சொன்னாங்க?"

"பேரவைல சொன்னாங்க."

"செரி. நீங்க இன்னா எழுதுனீங்க?"

நான் எந்திரத்தில் புதுத் தாளைச் செருகினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் அவர் வரவில்லை.

ரொம்ப நாள் கழித்து உளுந்தூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். லாரிக்காரர்கள் கூட்டம், உட்கார இடமில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "உக்காருங்க மேடம்" என்று தன் நாற்காலியைத் தள்ளினார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

மைக்கைப் பிடித்தேன்

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன்.

"இன்னா மேடம் யோசன? விதின்னா விதிதான்" என்றார் குணசேகரன்.

"ஆட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்துதான் சார் பதினஞ்சு நிமிஷம்."

"அழைப்பிதழ்ல ஒம்பது மணின்னு போட்டிருக்கே?"

"அப்ப ஒம்பது மணியிலேர்ந்தே எண்ணிடலாம். உங்க டீமும் போர்டுல உக்காரல. நீங்க என் பக்கத்துலதான் நின்னுக்கினு இருக்கீங்க. உங்களுக்கும் ஜீரோ போட்டுடவா?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "மேடம், நாங்க கூப்ட்டாத்தான் நீங்க நடுவரு" என்றார் மெதுவாக.

எதிரில் கோவிந்தன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேச்சு நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் எங்களைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி, அடுக்கி வைத்த பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பலகையில் ராஜாவும் ராணியும் இடம் மாறி நின்றன. யாரும் பார்க்காதபோது சரியாக மாற்றி வைத்தாள்.

நான் போய் மேடை மைக்கை எடுத்தேன். பேரவையில் மைக்கைத் தொடுவது சாதாரண விஷயமில்லை. அதற்கென்றே ஆறு துணைத்தலைவர்கள் இருந்தார்கள்.

"முதல் சுற்று. இரண்டாம் மேசை. கல்வராயன் அணி, பேரவை ஏ அணி. இரண்டு அணியினரும் அரங்கத்துக்கு வந்துவிட்டார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கும்போதுதான் நேரம் கணக்கு" என்று அறிவித்தேன்.

பொங்கல் வரிசையிலிருந்து சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னது சொன்னதுதான், இனி அழிக்க முடியாது.

தாண்டாத பிஷப்

சிறப்பு விருந்தினர் வரப் பதினொன்று ஆனது. அந்தக் காத்திருப்பில்தான் ராசாத்தியிடம் பேசினேன். அந்தப் பெண்ணின் பெயர் ராசாத்தி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். கோவிந்தனிடம் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டு, ஆறே மாதத்தில் அவரை மிஞ்சிவிட்டவள்.

"போன்லதாங்க ஆடுவேன்" என்றாள். "எங்க ஊர்ல டவர் எடுக்காது. ரோட்டு வளைவுல பலா மரத்தாண்ட போனா ரெண்டு கோடு காட்டும். காலைல கொல்லைக்குப் போறப்போ எதிராளி ஆடினது வந்திருக்கும். அத்த மனசுல வெச்சிக்கினே களை எடுப்பேன். சாயந்தரம் வர்றப்போ நான் ஆடினத அனுப்புவேன்."

"ஒரு நாளைக்கு ஒரு ஆட்டமா?"

"இல்லீங்க. ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல். ஒரு ஆட்டம் எட்டு மாசமா ஓடுது. எதிராளி ஏதோ பனி பெய்யிற ஊராம்."

இரண்டு பக்கமும் பொத்தான் வைத்த செஸ் கடிகாரத்தை அன்றுதான் நேரில் பார்த்தாள். ஆடி முடித்தவர் தன் பக்கப் பொத்தானை அமுக்க வேண்டும், அப்போதுதான் எதிராளியின் நேரம் ஓடும், அமுக்காவிட்டால் நம் நேரமே கரையும் என்று கோவிந்தன் சொல்லிக் கொடுத்தார். தலையாட்டிக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினர் வந்தார். பன்னீர் தெளித்தார்கள். மாலை, சால்வை, குத்துவிளக்கு. முதல் காயை நகர்த்தித் தொடங்கிவைக்க, புகைப்படக்காரருக்கு வெளிச்சம் நன்றாக விழுந்த இரண்டாம் மேசைக்கு அவரைக் கூட்டிவந்தார்கள். அங்கே வெள்ளைக் காய் ராசாத்திக்கு. எதிரில் குணசேகரன்.

சிறப்பு விருந்தினர் யோசிக்கவில்லை. பிஷப்பைத் தூக்கி, முன்னால் நின்ற சிப்பாயின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் நடுப்பலகையில் வைத்தார். கைதட்டல். எங்கள் சபையில்கூட எந்த பிஷப்பும் அப்படித் தாண்டி நான் பார்த்ததில்லை. விதிகள் தெரிந்த குணசேகரன், எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

"சார்" என்றாள் ராசாத்தி. "அது தாண்டாதுங்க."

"இன்னாம்மா?" என்றார் விருந்தினர்.

"மின்னாடி ஆளு நிக்கிறாங்கல்ல. அவங்க நவுந்தாத்தான் அது போவும்."

அவள் குரலில் கிண்டலே இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற குரல். பிஷப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து, ஒரு சிப்பாயைக் காட்டி, "இத்த ரெண்டு கட்டம் வைங்க" என்றாள். விருந்தினர் கடகடவென்று சிரித்து, அவள் சொன்னபடி வைத்தார். மறுநாள் பேப்பரில் முதல் படம்தான் வந்தது. பிஷப் பறந்துகொண்டிருந்த படம்.

கைகட்டி நின்ற நடுவர்

ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு அரைமணி நேரம்.

ராசாத்தி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பொத்தானைத் தவறாமல் அமுக்கினாள். இருபதாவது நகர்த்தலுக்குள் குணசேகரன் திணற ஆரம்பித்தார். கழுத்துப் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். அவள் குதிரை இரண்டு யானைகளுக்கும் நடுவில் போய் நின்றது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும்.

போயிற்று. ராசாத்தி யானையை வெட்டினாள். வெட்டிய காயை ஓரமாக வைத்தாள், தாளில் பொறுமையாகக் குறித்தாள், கையைக் கட்டிக்கொண்டாள்.

பொத்தானை அமுக்கவில்லை.

அவளுக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. குணசேகரன் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தார். தாடையைத் தடவினார். ஆழ்ந்து யோசிப்பவர்போல் கண்ணை மூடினார். ராசாத்தி பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. எதிராளியின் பதிலுக்கு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து பழகியவளுக்குப் பதினொரு நிமிடம் எந்த மூலைக்கு?

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அமுக்கவில்லை என்று ஆட்டக்காரரிடம் நடுவர் சொல்லக்கூடாது. அது விதி. சரியான விதிதான். ஒருவருக்குச் சொன்னால் எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது போர்டிலிருந்து கோவிந்தனும் பார்த்துவிட்டார். அவரும் சொல்லக்கூடாது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மண்டபத்துத் தரையில் குணசேகரன் கடை டைல்ஸ்தான் பதித்திருந்தது.

பத்து நிமிடம். ஆறு. இரண்டு. நாற்பது நொடி.

"டைம்!" என்று எழுந்தார் குணசேகரன். சேர் பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

ராசாத்தி அப்போதுதான் தலை தூக்கினாள். "நான் ஆடிட்டேனே? அவரு யோசிக்கிறாருன்னு இல்ல நெனச்சேன்?"

"பொத்தான அமுக்கலம்மா. நேரம் முடிஞ்சிபோச்சு" என்றேன். அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம் போட்டேன். அதைப் போட்டே ஆக வேண்டும்.

"நீங்க பாத்துக்கினுதான இருந்தீங்க மேடம்?"

"ஆமா. சொல்லக்கூடாதுன்னு விதி."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். காய்களை மறுபடி அடுக்கிவைத்து, சேரைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு எழுந்தாள்.

குணசேகரன் அன்று விதியை மீறவில்லை. விதிக்குள்ளேயே நின்றுகொண்டு எவ்வளவு சின்ன மனிதராக இருக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக இருந்தார். தாம் வெல்லாத ஆட்டத்துக்கு அன்று மதியம் மூன்று பேரிடம் வாழ்த்து வாங்கிக்கொண்டார்.

முதல் சுற்றில் மலை அணி தோற்றது. ஆனால் லீக் இரண்டு நாள் நடந்தது. மீதி எல்லாச் சுற்றிலும் ராசாத்தி ஜெயித்தாள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு பொத்தானை ஈ அடிப்பதுபோல் அடித்தாள். கடைசிச் சுற்று முடிந்தபோது பேரவை 'ஏ' முதலிடம், கல்வராயன் அணி இரண்டாமிடம், பேரவை 'பி' மூன்றாமிடம். முதல் இரண்டு அணிகள் மண்டல லீக்குக்குப் போக வேண்டும். முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். சேவியர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் அது.

என் பெயரில் ஒரு பொய்

நான்கு நாள் கழித்து வாட்ஸப் குழுவில் பேரவை முடிவுகளை வெளியிட்டது. முதல் சுற்று: கல்வராயன் அணி தாமத வருகை, நான்கு போர்டும் பூஜ்யம். அந்தச் சுற்றில் மற்ற போர்டுகளில் எடுத்த புள்ளியும் போனதால் அவர்களுக்கு மூன்றாமிடம். மண்டல லீக்குக்குப் போவது பேரவை 'ஏ', பேரவை 'பி'. கீழே, "முதன்மை நடுவர்" என்று என் பெயர்.

டைல்ஸ் கடைக்குப் போனேன். டீ வரவழைத்தார். நான் தொடவில்லை.

"ஆடி முடிச்ச சுத்த எப்படி சார் ஆடலன்னு போடறீங்க?"

"மேடம், அவங்க நல்லதுக்குத்தான். மண்டல லீக்னா பெரிய எடம். ஷூ போடணும், இங்கிலீஷ்ல பேசுவாங்க. இவங்க அங்க போய் முழிச்சிக்கினு நின்னா நம்ம மாவட்டத்துக்குத்தான அசிங்கம்?"

"அந்தம்மா உங்க யானைய வெட்டுனப்போ யாரு சார் முழிச்சிக்கினு நின்னது?"

டீ கொண்டுவந்த ஆள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டான். குணசேகரனின் குரல் ஏறியது. "ஒரு நடுவரு பேசற பேச்சா இது? உங்கள யாரு மேடம் இந்த ஊருக்குத் தெரியவெச்சது?"

"என் பேர எடுத்துடுங்க. பொய் எழுதணும்னா உங்க பேர்ல எழுதிக்கோங்க."

எடுக்கவில்லை. அன்று சாயங்காலம், நான் கையெழுத்திட்ட அசல் தாளின் படத்தை அதே குழுவில் போட்டேன். "இதுதான் நான் கொடுத்த முடிவு. மற்றது என்னுடையதல்ல" என்று இரண்டே வரி. ஒரு நிமிடத்துக்குள் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தனித்தனியாக மட்டும், "சூப்பர் மேடம்" என்று எட்டுப் பேர் எனக்குச் செய்தி அனுப்பினார்கள். வீரர்கள்!

ஒழுங்கு நடவடிக்கை என்று பேரவையிலிருந்து கடிதம் வந்தது. நடுவர் பட்டியலிலிருந்து நீக்கம். கடிதத்தில் நான்கு எழுத்துப் பிழைகள். கோர்ட்டு டைப்பிஸ்ட் அல்லவா, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

மண்டல லீக்கில் பேரவையின் இரண்டு அணிகளும் கடைசி இரண்டு இடங்களில் வந்தன. "பங்கேற்றுத் திரும்பிய வீரர்களுக்குப் பாராட்டு விழா" நடந்தது.

அடுத்த மாதம் பேரவை உடைந்தது. பொருளாளர் பிரிந்துபோய்க் கழகம் தொடங்கினார். பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்து, "அநியாயத்த தட்டிக்கேட்ட நீங்கதான் எங்க கௌரவ ஆலோசகர்" என்றார். அவரும் கூட வந்த நிர்வாகிகளும் என் வீட்டுக் கூடத்தில் ஒரு மணி நேரம் இருந்தார்கள். லெட்டர்பேடில் யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்ற பேச்சு நடந்தது. செஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மலை அணியைப் பற்றி அரை வார்த்தை இல்லை. அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர், "இவங்களுக்கு அவங்களே தேவலாம்போல" என்றார். பழம் மட்டும் நன்றாக இருந்தது.

மலைக்குப் போனேன்

ராசாத்தியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிறு வெள்ளிமலை பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. ஜன்னல் வழியாக ஈர மண் வாசனை. கோவிந்தன் வேனோடு வந்து கூட்டிப்போனார்.

ராசாத்தி கொல்லையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் செம்மண். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மன்னிச்சிடும்மா" என்றேன். "அன்னிக்கு..."

"சொல்லக்கூடாதுன்னுதான் சட்டம்னு அண்ணன் படிச்சிக் காட்டுனாரு" என்று கோவிந்தனைக் காட்டினாள். "அமுக்காதது என் தப்புங்க. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? ஆனா ஆடுனத ஆடலன்னு எழுதுனாங்க பாருங்க, அதுல ரெண்டு நாளு சோறு எறங்கல."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "எங்க டீமு தம்பிங்கள்ல ஒருத்தன் மொளகுத் தோட்ட வேலைக்குக் கேரளா போயிட்டான். இப்ப மூணு பேர்தான் இருக்கோம். சேலம் பக்கம் ஒரு லீக் வருதாம். எந்த ஊர்க்காரங்களும் ஆடலாமாம், எந்தச் சங்கத்து லெட்டரும் வாணாமாம். நாலாவது ஆளு இல்ல." என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்க ஆடுவீங்களா?" என்று கேட்டாள்.

இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊர்ப் போட்டிகளில் நிற்கிறேன். யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. பலகை எடுத்துவரச் சொன்னேன். மூன்று ஆட்டம் ஆடினோம். மூன்றிலும் தோற்றேன். மூன்றாவதில் மட்டும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "செரி, பரவால்ல, ஆடுவீங்க" என்றாள். எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் நான் நம்புவது அந்த ஒன்றைத்தான்.

நாலாவது போர்டு

சேலம் பக்கத்து லீக்கில் நாங்கள் ஐந்தாவதாக வந்தோம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் கோப்பையை எதிர்பார்க்க வேண்டாம். ராசாத்தி ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வேறு மாவட்டத்து ஆட்கள் இரண்டு பேர் அவளிடம் வந்து எங்கே பயிற்சி என்று கேட்டார்கள். "பலா மரத்தாண்ட" என்றாள்.

முதல் சுற்றில் நான் தோற்றேன். எதிரில் பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி. நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் சாவகாசமாக வாட்டர் பாட்டிலின் லேபிளை உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். முதுகெல்லாம் வியர்வை. தோற்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த வளாகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

போன் அடித்தது. குணசேகரன்.

"மேடம், நல்லா இருக்கீங்களா? பழசெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. அந்தக் கழகத்துக்காரங்க பெருசா லீக் வெக்கிறாங்களாம். நாம வுட முடியுமா? இந்த வருஷம் நீங்கதான் நமக்கு சீஃப். அந்த மலை டீமையும் கூட்டிக்கினு வாங்க. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"சார், நான் போட்டியில இருக்கேன்."

"எந்த ஊரு? எத்தினி டீமு? யாரு உங்கள நடுவரா கூப்ட்டது?"

"நடுவர் இல்ல சார். ஆடிக்கினு இருக்கேன்."

அந்தப் பக்கம் சிரித்தார், நிஜமாகவே வேடிக்கையாக இருந்ததுபோல.

"வெளையாடாதீங்க மேடம்!"

உள்ளே இரண்டாவது சுற்றுக்கு அழைத்தார்கள். போனை அணைத்து, வாசலில் இருந்த பிளாஸ்டிக் கூடையில் போட்டேன். பெயர்ப் பட்டியலோடு நின்ற நடுவர் இளம் பெண். அடையாள அட்டையைச் சரியாகக்கூட மாட்டியிருக்கவில்லை. என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, எந்தப் போர்டு என்று கேட்டாள்.

"நாலு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.